சுவரில் மூன்று தட்டு

என் மாமி செல்வமலருக்கு எந்த வேலையையும் மெதுவாகச் செய்யத் தெரியாது. அவர் கதவைச் சாத்தினால் தெருவுக்கே தெரியும். கனடாவில் இருக்கும் தங்கையோடு கதைக்கும்போது, இதற்கு எதற்குப் போன் என்று எங்களுக்குத் தோன்றும். இந்த மனுசி ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம் குடியிருந்தார் என்றால் நம்புவீர்களா? அங்கே ஞாயிற்றுக்கிழமை மிக்ஸி போட்டால் கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்துவிடுவாராம். லண்டனுக்கு ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் மற்றவர்கள் பிள்ளைகளின் படிப்பு என்பார்கள், கோயில் என்பார்கள். மாமி உள்ளதைச் சொல்லுவார்.

"ஞாயிற்றுக்கிழமை சம்பல் இடிக்க வந்தனான்."

வந்து சேர்ந்தது கான்ட்ஸ் ஹில்லில், பக்கத்து வீட்டோடு ஒரே சுவரைப் பங்குபோடும் வீட்டில். சுவருக்கு அந்தப் பக்கம் லெவின் தம்பதி. எங்கள் தெருவில் மிஞ்சியிருந்த கடைசி யூதக் குடும்பம் அவர்கள். மாமியோ வெள்ளிக்கிழமைகளில் ஓடருக்குக் கொத்துறொட்டி போடுகிறவர். சூடான இரும்புக் கல்லில் றொட்டியையும் இறைச்சியையும் போட்டு, இரண்டு தகடுகளால் கொத்தும் சத்தத்தை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. லெவின் வீட்டில் வெள்ளி பொழுதுபட்டதும் ஓய்வுநாள் தொடங்கிவிடும். அதற்குச் சற்று முன்னர் மிசிஸ் லெவின் தன் கைத்தடியால் சுவரில் மூன்று முறை தட்டுவார்.

அவ்வளவுதான், எங்கள் வீடு அப்படியே உறைந்துபோகும். மாமி தகடுகளைக் கீழே வைத்துவிடுவார். மாமா யோகலிங்கம் வாய்க்குள் போட்ட முறுக்கைக் கடிக்காமல் வைத்திருப்பார். நான் மருமகளாக வந்த முதல் வாரமே இந்தப் பழக்கம் எனக்கும் தொற்றிவிட்டது. மாமி எங்களுக்குப் பயந்ததில்லை, கவுன்சிலுக்கும் பயந்ததில்லை. அந்தத் தடிக்கு மட்டும் பயந்தார். பயந்துகொண்டே, "கிழவிக்குக் கிடக்கிறது காது இல்லை, பாம்புச் செவி" என்று திட்டவும் செய்வார்.

முதல் லொக்டவுனில் மிசிஸ் லெவினை அம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போனது. அவர் திரும்பி வரவில்லை. செத்தவீட்டுக்கு ஆட்கள் வர அனுமதி இல்லை. மகளும் பேரப்பிள்ளைகளும் மான்செஸ்டரில் இருந்து கம்ப்யூட்டரில்தான் அழுதார்கள். மாமி கேற்றடியில் போய் நின்றார், என்ன சொல்வதென்று தெரியாமல் மிஸ்டர் லெவினுடைய குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வீதியில் வைத்தார். அன்றிலிருந்து அந்தத் தொட்டியும் மாமியின் பொறுப்பு.

இனி மாமிக்குக் கொண்டாட்டம்தான் என்று நான் நினைத்தேன். தட்ட ஆள் இல்லை, விடிய விடியக் கொத்தலாம். ஆனால் மனுசி வெள்ளிக்கிழமைகளில் ஒரு பத்துத் தரம் கொத்திவிட்டு நிறுத்திச் சுவரைப் பார்ப்பார். பிறகு வேண்டுமென்றே இன்னும் பலமாகக் கொத்துவார். அந்தப் பக்கத்தில் ஒரு அசுமாத்தமும் இராது. மிஸ்டர் லெவின் ரேடியோகூடப் போடுவதில்லை.

"மனுசன் ஒருக்கா வந்து ஏசினாலும் காணும் பிள்ளை" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "இப்பிடி ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தால் எனக்குப் பயமாக் கிடக்கு."

மாமிக்கு உண்மையாகவே பயம். அந்த வீட்டில் இருந்து ஒரு சத்தம் வரவேண்டும் என்று அவர் தவித்தார். மாமி நல்லவர் என்று நான் எழுதமாட்டேன். எழுதினால் வாசித்துவிட்டு எனக்கு வேலை கூட்டிவிடுவார். இருந்தாலும் நடந்ததைச் சொல்லத்தானே வேண்டும்.

அடுத்த வருடம் மாசி மாதம், மூன்றாம் லொக்டவுன். ஒரு வெள்ளிக்கிழமை காலை எங்கள் வாசற்படியில் ஒரு பீங்கானை வைத்து மணியை அடித்துவிட்டு, மாஸ்க்கோடு கேற்றடிக்குப் பின்வாங்கி நின்றார் மிஸ்டர் லெவின். பீங்கானில் முக்கோணமாகச் சுட்ட பணியாரங்களும் ஒரு தோடம்பழமும் இருந்தன. இன்று பூரிம் என்ற பண்டிகையாம். யாருக்காவது இரண்டு வகைச் சாப்பாடு கொடுக்க வேண்டுமாம்.

"பெருநாள் எண்டால் ஏன் முகம் இப்பிடிக் கிடக்கு?" என்று மாமி தன்னுடைய இங்கிலீசில் கேட்டார்.

அவர் சொன்னார். எஸ்தர் ராணியின் கதையைச் சுருளில் இருந்து உரக்க வாசிப்பார்கள். யூதச் சனத்தை அழிக்கப் பார்த்த ஆமான் என்பவனுடைய பெயர் வரும்போதெல்லாம், அது காதில் விழாதபடி எல்லோரும் காலால் உதைத்தும் கிலுக்கியும் சத்தம் போட வேண்டும். முன்பெல்லாம் ஜெபக்கூடத்தில் அதிகச் சத்தம் போட்டது அவருடைய மனைவிதான், அந்தக் கைத்தடியால். நேற்று இரவு வாசிப்பு ஸூமில் நடந்தது. நடத்தியவர் எல்லோருடைய மைக்கையும் மூடிவிட்டார்.

"நான் தனியாகச் சமையலறையில் இருந்து கிலுக்கினேன், மிசிஸ் யோகா. என் சத்தம் எனக்கே வெட்கமாக இருந்தது. இன்று பகலும் ஒருமுறை வாசிக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து ஒரு வருடமும் விட்டதில்லை. இந்த வருடம் விடப்போகிறேன்."

மாமி இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"நீங்கள் வாசியுங்கோ. சத்தம் என்ரை பொறுப்பு. அவன்ரை பேர் வரேக்கை சுவரிலை தட்டுங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்."

அவர் தன் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார். மனைவியின் தடி இன்னும் அதன் பின்னால்தான் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே போனார்.

அரைமணி நேரத்தில் எங்கள் குசினி போர்க்களமானது. கல்லைச் சுவரோடு நகர்த்தித் தகடுகளோடு மாமி நின்றார். குக்கர் மூடியும் அகப்பையும் மாமாவுக்கு. எனக்குச் சாமியறை மணி.

"சாமி மணியை வேற ஆக்களின்ரை பெருநாளுக்கு அடிக்கலாமோ?" என்று மாமா இழுத்தார்.

"சூரன் மாதிரி ஒருத்தனைத்தானே அடிக்கிறம்? முருகன் ஒண்டும் சொல்லமாட்டார்."

சுவருக்கு அந்தப் பக்கம் மெல்லிய ராகத்தில் வாசிப்புத் தொடங்கியது. பல மாதங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு குரல். மாமி சுவரில் காதை வைத்துக்கொண்டார். வாசிப்பு நீண்டுகொண்டே போனது.

"இன்னும் அவன் வரேல்லையோ? எனக்குக் கை உளையுது" என்று முணுமுணுத்தார்.

அப்போது தடி தட்டியது. மூன்று தட்டு.

நாங்கள் உறைந்துபோனோம். மாமி தகடுகளை மெதுவாகக் கீழே வைத்தார். நான் மணியின் நாக்கைப் பிடித்துக்கொண்டேன். மாமா ஒழுகிய தண்ணீர்ப் பைப்பைக்கூட இறுக்கி மூடினார். இத்தனை வருடத்தில் எங்கள் வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை.

சிறிது நேரத்தில் மறுபடியும் மூன்று தட்டு. நாங்கள் மூச்சையும் அடக்கினோம். மூன்றாம் தடவை சுவர்ச் சாந்து உதிரும்படி தட்டிவிட்டு, வாழ்நாளில் குரலை உயர்த்தியிராத மிஸ்டர் லெவின் கத்தினார்.

"மிசிஸ் யோகா! வருடக் கணக்காகக் காதைக் கிழித்தீர்களே! இன்றைக்கு என்ன வந்தது உங்களுக்கு?"

மாமியைப் பார்த்தேன். கண் நிறைந்திருந்தது.

"அவவின்ரை தட்டு, பிள்ளை" என்றார். "அதே தட்டு."

மூக்கைச் சீலைத் தலைப்பில் துடைத்தார். தகடுகளை எடுத்தார். அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்குத் தெம்பில்லை. தட்டுக் கேட்கும்போதெல்லாம் மாமி வெறுங்கல்லில் கொத்தினார், மாமா மூடியை நெளித்தார், நான் மணியை அடித்தேன். மேலே ஆபீஸ் மீட்டிங்கில் இருந்த என் கணவர் நிசாந்தன் மைக்கை மூட மறந்திருந்தார். எதிர்வீட்டு டொலறஸ், முதல் லொக்டவுனில் நேர்ஸ்மாருக்காக வாசலில் நின்று கைதட்டிய வழக்கம் திரும்பவும் தொடங்கிவிட்டது என்று நினைத்து, நைட்டியோடு சட்டியும் கையுமாக வெளியே ஓடி வந்தார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு வீட்டார் வந்தார்கள். எவனை அடிக்கிறோம் என்று தெரியாமலே தெரு முழுக்க ஆமானை அடித்தது. வாசிப்புக்கு நடுவே மிஸ்டர் லெவின் சிரிக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

வெறும் பீங்கானைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. அவருடைய மதத்தின் உணவு விதிப்படி எங்கள் சமையல் அவருக்கு ஆகாது. அதனால் வாழைப்பழத்தையும் திராட்சையையும் நிரப்பி மாமி அவருடைய படியில் வைத்துவிட்டு வந்தார்.

பின்னேரம் ஓடர்கள் காத்திருந்தன. மாமி கல்லைச் சூடாக்கிக் கொத்தத் தொடங்கினார். வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. பாதியில் சுவரில் தட்டுக் கேட்டது. மூன்று தட்டு.

மாமா பாய்ந்துபோய்க் குக்கர் மூடியை எடுத்தார். நான் மணியைத் தேடினேன்.

"வையுங்கோ கீழை!" என்று மாமி எங்களை அதட்டினார். "அந்தப் பெருநாள் முடிஞ்சுது. இது வெள்ளிக்கிழமைத் தட்டு."

அவர் தகடுகளை வைத்து அடுப்பை அணைத்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஏசிப்போட்டார்" என்றார். "என்னை ஏசிப்போட்டார் பிள்ளை."

அன்றைய கொத்துறொட்டி பெரிய பெரிய துண்டாகவே போனது. ஈஸ்ட் ஹாமில் இருந்து ஒருவர் போன் எடுத்து, இதென்ன கொத்தாமலே தந்திருக்கிறீர்கள் என்று சண்டைக்கு வந்தார்.

"பக்கத்து வீட்டிலை ஆள் இருக்கு தம்பி" என்றார் மாமி, மிக மெதுவாக. "கையாலை பிச்சுத் தின்னுங்கோ."