கல்யாண மோட்டாரில் ஒழுகிய தண்ணீர்

பதினாலாம் வருஷத்து ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு ஓரிரு வருஷம் முன்னால் எனக்குக் கல்யாணம் நடந்தது. அப்போது நான் பாளையங்கோட்டையில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடமொன்றில் தையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளைக்குச் சேரன்மகாதேவியில் குமாஸ்தா வேலை. அவர்கள் ஊர்ச் சபைக் கோயிலில் சாயங்காலம் நான்கு மணிக்குக் கல்யாணம் என்று ஏற்பாடு. உறவுக்காரர் எல்லாரும் காலை ரயிலிலேயே போய்விட்டார்கள். நானும் அப்பாவும் மட்டும் பின்தங்கியதற்குக் காரணம் ஒரு மோட்டார் கார்.

அப்பாவின் சிநேகிதர் ஒரு பஞ்சு வியாபாரி. "பொண்ணு ரயில்ல போயி எறங்குனா நல்லாவா இருக்கும், அண்ணாச்சி? நம்ம மோட்டாரு சும்மாதான நிக்கி" என்றார். அப்பா சிக்கனக்காரர், ஆடம்பரம் பிடிக்காதவர். ஆனாலும் உடனே சரி என்று சொல்லிவிட்டார். எனக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான்.

டிரைவர் தூத்துக்குடிக்காரர். முன்பு துறைமுகத்தில் நீராவிப் படகில் வேலை பார்த்தவர். மத்தியானச் சாப்பாடு முடிந்து புறப்பட்டோம். டவுண் ரத வீதியில் ஜனங்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். பேட்டை கடந்து, சுத்தமல்லியும் தாண்டியபின் வண்டியின் மூக்கிலிருந்து புகை போல ஆவி கிளம்பியது. டிரைவர் ஓரங்கட்டி நிறுத்தினார்.

"எஞ்சின் சூட்டைத் தணிக்க உள்ள தண்ணி ஓடுதுல்லா, அது எங்கனயோ ஒழுகுது. தண்ணி இல்லாம ஓட்டுனா எஞ்சின் இறுகிப் போயிரும்" என்றார்.

சூடு தணியக் காத்திருந்து, வாய்க்கால் தண்ணீரை மொண்டு ஊற்றினார். முன்பக்கத்து ரேடியேட்டரில் ஓர் இடம் நனைந்திருந்தது. ஓட்டை அங்கேதான் என்று எண்ணிச் சவுக்காரத்தைப் பிசைந்து அப்பினார். கொஞ்ச தூரம்தான் போனோம். மறுபடியும் ஆவி.

அப்பா இறங்கி ரோட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஏழு மணிக்குமேல் கிறிஸ்தவ விவாகம் நடத்தக்கூடாதென்பது சட்டம். அந்த ஊர்க் குருவானவர் சட்டத்தில் இம்மி பிசகாதவர் என்று கேள்வி. எதிரே வந்த மாட்டுவண்டிக்காரரிடம் அப்பா கேட்டுப் பார்த்தார். "இருட்டுததுக்கு முன்ன போயிச் சேர முடியாது, ஐயா. மாடு காலையில இருந்து நடக்கு" என்று அவர் உண்மையைச் சொல்லிவிட்டுப் போனார்.

வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "ஏ தாயி, கல்யாணப் பொண்ணா ரோட்டுல நிக்கா?" என்று ஒருத்தி சத்தம் போட, மற்றவர்கள் வரப்பேறி வந்துவிட்டார்கள். வெள்ளைப் பட்டும் முக்காடுமாக, புழுதி படிந்து நின்ற எனக்கு அழுகை முட்டியது. ஆனால் அத்தனை பேர் முன்னால் அழவும் வெட்கம். தலையைக் குனிந்துகொண்டேன். அப்படிக் குனிந்ததால்தான் ரோட்டைப் பார்த்தேன். வண்டி வந்த தடத்தில் ஈரக்கோடு ஒன்று நீளமாகக் கிடந்தது. வண்டி நின்ற இடத்திலோ முன்மூக்குக்கு நேர் கீழே தரை காய்ந்திருந்தது. அதற்குப் பின்னால், எஞ்சினுக்கு அடியில்தான் நனைந்திருந்தது.

டிரைவரிடம் சொன்னேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, எஞ்சின் பக்கத்து மூடியைத் தூக்கினார். குழாய்கள், அவற்றின் மூட்டுகள் எல்லாவற்றையும் துணியால் துடைத்து, ஒழுகும் இடம் தெரியட்டும் என்று மேலே காய்ந்த புழுதியைத் தூவினார். பெண்கள் குடத்தில் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றி எஞ்சினை ஓடவிட்டார். எல்லா இடத்திலும் புழுதி அப்படியே இருந்தது. தண்ணீரைச் சுற்றவிடும் பம்பின் தண்டு உள்ளே நுழைகிற இடத்தில் மட்டும் கறுத்து நனைந்து, சொட்டத் தொடங்கியது.

"இதுதான்! விசிறியில பட்டுத் தெறிச்சு முன்னாடியும் நனைச்சிருக்கு" என்றார். அவர் முகம் தெளிந்தது. எஞ்சினை நிறுத்தி, தண்டைச் சுற்றியிருந்த மரைமூடியைத் திருகித் திறந்தார். ஒழுகாமல் அடைக்க உள்ளே திணித்திருந்த கயிறு நைந்து கூழாகியிருந்தது. "படகுலயும் இதே கததான். புதுசாத் திணிச்சா நின்னுரும். நல்ல பருத்திக் கயிறு வேணுமே. வயக்காட்டு வைக்கப்புரியெல்லாம் தாங்காது."

வயலில் நின்ற பெண்களிடம் அப்படிக் கயிறு ஏது? எனக்கு என் டிரங்குப் பெட்டி நினைவுக்கு வந்தது. நானே தைத்த புதுப் பாவாடைகள் அதில் அடுக்கி இருந்தன. ஒவ்வொன்றிலும் முறுக்கிய பருத்தி நாடா.

அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? வயசான ஒரு நடவுக்காரியின் காதில் சொன்னேன். அவள் உரக்கச் சிரித்து, "ஐயா, நீங்க பைய அங்கிட்டுத் திரும்பி நில்லுங்க!" என்றாள். அப்பா வாய்க்கால் பக்கம் திரும்பி நின்றார். பெட்டியைத் திறந்து இரண்டு நாடாக்களை உருவிக் கொடுத்தேன். டிரைவர் வாங்கிக்கொண்டார். மசகை நன்றாகத் தடவி, தண்டைச் சுற்றிச் சுற்றித் திணித்து, மூடியைத் திருகினார். "ரொம்ப இறுக்குனா தண்டு சுத்தாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மறுபடி தண்ணீர் ஊற்றி எஞ்சினை ஓடவிட்டார். நாங்கள் எல்லாரும் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றோம். எப்போதாவது ஒரு சொட்டு, அவ்வளவுதான்.

"போலாம்" என்றார். அப்பா கண்ணை மூடி, "ஸ்தோத்திரம்" என்றார். பெண்கள் குலவையிட்டார்கள். எங்கள் கல்யாணங்களில் குலவை வழக்கமில்லை. அப்பா அதைக் கேட்டு முகம் சுளிக்கவில்லை, கைகூப்பினார்.

ஊருக்குள் நுழையுமுன் எதிரே சைக்கிளில் ஒருவர் வேகமாக வந்தார். கறுப்புக் கோட்டில் கல்யாணப் பூ குத்தியிருந்தது. மாப்பிள்ளைதான். எங்களைக் கண்டதும் இறங்கி, மூச்சு வாங்க, "மாமா, நல்லா இருக்கீயளா?" என்று அப்பாவைத்தான் கேட்டார். சைக்கிளை வண்டியின் பின்னால் கட்டிவிட்டு டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். அவர் பிடரியெல்லாம் வேர்த்திருந்ததைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கோயிலை அடைந்தபோது ஏழு மணி ஆகவில்லை, மேற்கே வெளிச்சம் மிச்சமிருந்தது. குருவானவர் அங்கி கழற்றாமல் காத்திருந்தார். ஜெபம், உடன்படிக்கை எல்லாம் மளமளவென்று முடிந்தன.

விருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் அவர் முதன்முதலாக என்னிடம் பேசினார்.

"நீ வரமாட்டேன்னுட்டியோன்னு நெனச்சேன்."

"வண்டிதான் வரமாட்டேன்னு நின்னுட்டு" என்றேன்.

அவர் சிரித்தார். எனக்குப் பசி கிளம்பிவிட்டது. மணப்பெண் என்றும் பாராமல் இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.