அப்பா பேசிவிட்டு வந்த அறை

அப்பாவுக்கு அடிக்கடி நெஞ்சு அடைத்தது. மழை பொய்த்துப் பொய்த்து, அந்த வருஷம்தான் எங்கள் கரிசல் காட்டில் பருத்தி ஒருமாதிரி எழும்பி நின்றது. அதைப் பார்க்கக்கூட அவர் காட்டுக்குப் போகவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். கோவில்பட்டியில் எங்கள் குடும்பத்துக்கு வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் அம்மா கூட்டிப்போனாள். பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் பஸ் ஏறிவிட்டேன்.

டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்தார். "அண்ணாச்சி, இருதயம் நல்லாத்தான் இருக்கு. உள் ரூம்ல ஒரு அம்மா இருக்காவ. அவியகிட்ட கொஞ்சம் பேசிட்டு வாங்க" என்றார்.

அப்பா எழுந்தேவிட்டார். "எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?"

"காய்ச்சலுக்கும் இங்கனதான வாரீங்க? இதுவும் அப்படித்தான். போங்க."

கதவு திறந்த வேகத்தில் எட்டிப் பார்த்தேன். முன்பு குளுக்கோஸ் பாட்டில் அடுக்கியிருந்த அறை. இப்போது இரண்டு நாற்காலி, ஒரு தண்ணீர்ச் செம்பு, கண்ணாடி போட்ட ஒரு அம்மா. ஊசியில்லை, மாத்திரையில்லை. இதில் என்ன வைத்தியம்? வீட்டில் தண்ணீர் வேண்டுமென்றால்கூட டம்ளரைத் தூக்கிக் காட்டுகிறவர் அப்பா. வெளியே காத்திருந்த கூட்டமெல்லாம் கலைந்த பிறகுதான் அவர் வந்தார்.

பஸ்ஸில் கேட்டேன். "என்னப்பா பேசுனீய?"

"நம்ம காட்டப் பத்திதான்."

"அவியளுக்கு நம்ம காடு எங்கன இருக்குன்னு தெரியுமா?"

"இப்பத் தெரியும்" என்றார். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

அடுத்த முறை போனபோது அந்த அம்மா கதவைத் திறந்து என் அம்மாவையும் உள்ளே கூப்பிட்டார். அப்பா, 'வா' என்று தலையசைத்தார். திரும்பி வரும்போது அம்மாவின் கண் சிவந்திருந்தது.

வீடு வந்ததும் அவள் சேலைகூட மாற்றவில்லை. பரணிலிருந்த பூச்சிமருந்து டின்னை இறக்கி, சித்தப்பா வீட்டுக்கு எடுத்துப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"இது இங்கனயே இருக்கட்டும். செடிக்கு அடிக்கணும்னா நீங்களே வந்து அடிச்சிக் குடுங்க" என்றாள்.

எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கிற சித்தப்பா அன்று உடனே டின்னை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். 

அதற்குப் பிறகும் பல தடவை கோவில்பட்டிக்குப் போய்வந்தோம். பருத்தி எடுக்கிற சமயத்தில் அப்பா காட்டில் நின்று ஆட்களைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

செடியிலெல்லாம் புழு இருந்தபோது மருந்தை எதற்கு அடுத்த வீட்டில் கொடுத்து வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரே யோசனை. அந்த வாடை அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.