அவரவர் பெயரில் ஓர் அட்டை

கொழும்பில், வங்கியின் வெள்ளவத்தைக் கிளையில் கடனட்டைப் பிரிவு என்பது ஒரு மேசை. காசாளர்களின் வரிசை முடிகிற இடத்தில், குளிரூட்டியின் காற்று நேரே பிடரியில் அடிக்கும் மூலையில் அது கிடந்தது. சிவமணி அங்கே சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நாற்பதைத் தாண்டிவிட்டாள்; தலை மட்டும் கொஞ்சம் முந்திக்கொண்டு நரைத்திருந்தது.

அது இரண்டாயிரமாம் ஆண்டு. வெள்ளவத்தையில் பாதிப் பேர் வெளிநாடு போகக் காத்திருந்தார்கள். மீதிப் பேர் போனவர்களைப் பார்த்துவிட்டு வரக் காத்திருந்தார்கள். இரண்டாவது கூட்டம்தான் சிவமணியிடம் வரும். பெரும்பாலும் வயதான சோடிகள். முதல் தடவையாக விமானம் ஏறப் போகிறவர்கள். பிள்ளைகளின் கையை எதிர்பார்க்காமல் இருக்க ஒரு அட்டை வேண்டும் என்பார்கள்.

அப்படி வந்தவர்கள்தான் நாகேந்திரமும் கௌரியும். அவர் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் ரொறன்ரோவில். அவர் கதிரையை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டார். கௌரி அரை அடி பின்னால் இருந்தாள்.

"எனக்கு இந்தத் தங்கக் கலர்தான் வேணும், பிள்ளை. எயார்போட்டில லவுஞ்சில இருக்கலாமாம்."

"எங்க இறங்கி மாறிப் போறியள், ஐயா?"

"லண்டனில. ரெண்டு மணித்தியாலம் நிக்குமாம்."

"அந்த நேரம் மற்ற விமானத்தின்ர வாசலைத் தேடிப் போகவே காணாது. லவுஞ்சைக் கண்ணாலயும் காண மாட்டியள். அதுக்கு வருசா வருசம் கூடக் கட்டணம்." சிவமணி சிரித்தாள். "நிறத்தைப் பாக்காதேங்கோ. அங்க டொலரில வாங்கிறதை இஞ்ச ரூபாயா மாத்தேக்க எந்தக் கார்ட் எவ்வளவு பிடிக்குது எண்டதைப் பாருங்கோ. மெசினில காசு எடுக்காதேங்கோ, எடுத்த நிமிசத்தில இருந்து வட்டி ஓடும். சரி, அம்மாவுக்கு?"

"அவ என்னோடதானே வாறா. என்ர கார்ட்டோட இணைப்பா ஒண்டு குடுங்கோ."

"இணைப்புக் கார்ட் உங்கட கணக்கிலதான் ஓடும், ஐயா. உங்கட கணக்கு ஏதும் காரணத்தால நிண்டால் அதுவும் நிண்டிடும். தெரியாத ஊரில ரெண்டு பேரும் கையை விரிச்சுக்கொண்டு நிக்கக் கூடாது. அம்மாவின்ர பேரில தனியா ஒண்டு எடுங்கோ. ரெண்டையும் ஒரே பையில வையாதேங்கோ."

"அவ வேலைக்குப் போகாத ஆள். அவவை நம்பி ஆர் கார்ட் குடுக்கப் போகினம்?"

"அவவின்ர பேரில நிலையான வைப்பு ஏதும் இருந்தா அதைப் பிணையா வைச்சுக் குடுப்பம்."

அதுவரை வாய் திறக்காத கௌரி, "இருக்குது, பிள்ளை. மாமா எனக்கெண்டு எழுதி விட்டவர்" என்றாள். நாகேந்திரம் திரும்பி மனைவியைப் பார்த்தார். அப்படி ஒன்று இருப்பதை மறந்தே போயிருந்தார் போலும். கௌரி கதிரையை மேசைக்குக் கிட்ட நகர்த்தி, நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். வெளியே போகும்போதும் நாகேந்திரம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டுதான் போனார். ஆனால் படியில் இறங்குகையில் அவளுடைய கைப்பையைத் தான் வாங்கிக்கொண்டார்.

சிவமணி அவர்கள் காலி வீதியைக் கடக்கும்வரை கண்ணாடியூடாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சோடிகள் போகும்போது அவள் அப்படித்தான் பார்ப்பாள். பக்கத்து மேசை ஸமீமாவுக்கு அது தெரியும். ஸமீமா கொம்பனித்தெருவில் பெரிய குடும்பத்தில் வளர்ந்தவள். மற்றவர்களுக்கு எப்போது தேத்தண்ணீர் வேண்டும் என்பது அவளுக்குச் சொல்லாமலே விளங்கும். எழும்பிப் போய் இரண்டு கோப்பை கொண்டுவந்தாள்.

சிவமணிக்கும் கணவன் இருந்தான். தியாகராசா, கூட்டுறவுச் சங்கத்தில் பரிசோதகராக இருந்தவன். தொண்ணூற்று நான்கில் ஒரு முகவரைப் பிடித்து லண்டன் போனான். ஆறு மாதத்தில் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனான். அடுத்த வருடம் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது சிவமணி தனியாக நடந்தாள். பிறகு தனியாகவே கொழும்புக்கு வந்து சேர்ந்தாள். அவனுடைய அகதி வழக்கு இழுத்துக்கொண்டே போனது. அது முடியாமல் அவளுக்கு விசா இல்லை. பிள்ளைகளும் இல்லை. கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸ் ஒன்றை வாடகைக்கு எடுத்து இருந்தாள். ஒற்றை அறை, ஒரு குசினி, வடக்கிலிருந்து வந்தவர்கள் கொடுக்க வேண்டிய பொலிஸ் பதிவுப் பத்திரத்தில் ஒற்றைப் பெயர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் தொலைபேசி எடுப்பான். முதலில் நிறையக் கதைத்தார்கள். பிறகு மழை பெய்ததா, சோதனைச்சாவடியில் பிரச்சினையா, என்ன சமைத்தாய் என்று சுருங்கியது. ஒரு தடவை ஊருக்கு வந்த நண்பனிடம் அவன் தன் கணக்கில் ஓடும் இணைப்பு அட்டை ஒன்றை அவளுக்கென்று கொடுத்துவிட்டான். அந்தத் தீபாவளிக்கு அவள் அதைக் கொடுத்து ஒரு சேலை எடுத்தாள். அடுத்த மாதம் அட்டைக் கணக்கு விபரம் தன் கைக்கு வந்ததும் தொலைபேசியில் அவன் கேட்டான்:

"சேலைக்கடைக்குப் போயிருக்கிறீர் போல?"

"ஓம். நீலம். கரை மட்டும் மஞ்சள்."

தான் எங்கே போனாள் என்று ஓர் ஆளுக்குத் தெரிந்திருக்கிறது என்ற எண்ணம் அவளுக்கு நாள் முழுக்க இனித்தது. அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு தடவையாவது அந்த அட்டையைப் பாவித்தாள். மருந்துக்கடையில், சில்லறைக் கடையில். வெளிநாட்டு அட்டையை இங்கே உரசினால் ஒவ்வொரு தடவையும் வீண் கட்டணம். வேறு யாராவது அப்படிச் செய்தால் மேசையில் இருத்திவைத்துப் புத்தி சொல்லியிருப்பாள். ஆனால் அவனைக் கேட்க வைக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. அவன் சேலையைப் பற்றிக் கேட்ட மாதிரி பிறகு ஒன்றையும் கேட்கவில்லை.

இரண்டாயிரத்தொன்று சித்திரையில் கௌரி தனியாக வந்தாள். வெள்ளைச் சேலையைப் பார்த்ததும் சிவமணி எழும்பிவிட்டாள்.

"ஐயா போயிட்டார், பிள்ளை. மகள் வீட்டில காலமை தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்தவர், அப்படியே சரிஞ்சிட்டார்."

சிவமணி கௌரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரின்ர கார்ட் உடனயே நிண்டிட்டுது. என்ர ஓடினது. வாறதுக்கு டிக்கெட்டை நானே எடுத்தனான். மகள் அழுதவள், இருங்கோ அம்மா எண்டு."

"ஏன் அம்மா வந்தனீங்கள்? இஞ்ச தனியவெல்லே?"

"அங்கயும் தனியத்தான். எல்லாரும் விடிய வேலைக்குப் போயிடுவினம். இஞ்ச பாண்காரனாவது பெல்லடிச்சுக் கூப்பிடுவான்."

கௌரி போன பிறகு சிவமணி மேசையில் வெறுமனே இருந்தாள். இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் அட்டை கொடுத்தவளுக்குத் தன் பெயரில் ஒன்று இல்லை. அந்த வாரமே ஒன்றுக்கு விண்ணப்பித்தாள். ஸமீமா கேலியாக, "என்ன மிஸ், எங்க பயணம்?" என்றாள். எங்கேயும் இல்லை என்றாள் சிவமணி.

ஆனால் பயணம் வந்தது. போர் நிறுத்தம் வந்த வருடம் தியாகராசாவின் வழக்கும் முடிந்தது. அவனுக்குக் கிடைத்த அகதிப் பயணப் பத்திரத்தில் இலங்கை தவிர எந்த நாட்டுக்கும் போகலாம் என்று போட்டிருந்தது. "சிங்கப்பூருக்கு வாரும், மணி. நானும் வாறன்" என்றான். சிவமணி அன்று சமைக்கவில்லை. கடையில் கொத்து ரொட்டி வாங்கி வந்து, சாப்பிடாமல் மூடி வைத்துவிட்டு, அலுமாரியில் இருந்த சேலைகளையெல்லாம் கட்டிலில் பரப்பினாள்.

சாங்கி விமான நிலையத்தில் அவனை அவள் உடனே அடையாளம் கண்டாள். அவன் அவளைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். மொட்டை விழுந்திருந்தது, பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்துக் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "மெலிஞ்சிட்டீர்" என்றான். அவள் மெலியவில்லை.

இருவரும் நல்லவர்களாகவே நடந்துகொண்டார்கள். கோவிலுக்குப் போனார்கள், பூங்காவுக்குப் போனார்கள். அறையில் அவன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டே தூங்கினான். நடக்கும்போது அவள் பின்தங்கினால் அவனுக்குத் தெரியவில்லை. ஒரு சந்தி தாண்டிய பிறகு நின்று தேடினான். சாப்பாட்டுக் கடையில் இருவரும் ஒரே நேரத்தில் அவரவர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்கள். பரிமாறிய தமிழ்ப் பெண், "சேர்த்தா, தனித்தனியாவா?" என்று கேட்டாள். தியாகராசா பழக்கத்தில் "தனித்தனி" என்று சொல்லிவிட்டு, உடனே முகம் சிவந்து தன் அட்டையை நீட்டினான். சிவமணி தன்னுடையதைத் திரும்பப் பையில் வைத்தாள்.

போவதற்கு முதல் நாள் கடற்கரையில் ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். அவன்தான் தொடங்கினான்.

"இப்ப கேஸ் முடிஞ்சுது. உமக்கு ஸ்பொன்சர் பண்ணலாம்."

"நான் வந்தா எங்க இருக்கிறது?"

"இப்ப ஒரு அறையில இருக்கிறன். வேற பாக்கலாம்." கப்பல்களின் பக்கம் திரும்பினான். "மணி, உமக்குப் பொய் சொல்லக் கூடாது. எனக்கு வேற ஆரும் இல்லை. ஆனா இன்னொரு ஆளோட இருக்கிற பழக்கம் விட்டுப் போச்சு. இந்த நாலு நாளும் மூச்சு முட்டுது. உம்மில பிழையில்லை."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான் போலும், கைக்குட்டையை எடுத்து வைத்திருந்தான். ஆனால் அவளுக்கு முதலில் வந்தது ஆறுதல். விடிகாலையில் அவன் இருமும்போதெல்லாம் யாரோ அந்நியர் அறைக்குள் வந்துவிட்டதாக அவளும் திடுக்கிட்டு எழும்பியிருந்தாள். அதை அவனிடம் சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். அந்தப் பயணத்தில் சேர்ந்து சிரித்தது அப்போதுதான். அழுகை பிறகு, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இருந்து வாடகை வாகனத்தில் வரும்போது வந்தது. களனிப் பாலத்தில் வாகனங்கள் தேங்கி நின்றன. சாரதி கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அக்கா, சனீப நெத்த?" என்றான். சுகமில்லையா என்று சிங்களத்தில் கேட்கிறான். தலையிடி என்று சொன்னாள்.

அவர்கள் பிரிந்ததாக யாரிடமும் சொல்லவில்லை. சட்டப்படி பிரியவும் இல்லை. சில வருடங்களில் சண்டை மறுபடி தொடங்கியபோது சிவமணிக்குக் கொட்டாஞ்சேனைக் கிளைக்கு மாற்றம் வந்தது. அங்கே மாடியில் ஓர் அறை எடுத்தாள். கொழும்பில் குண்டு வெடித்ததாகச் செய்தி வரும் நாட்களில் தியாகராசா மறக்காமல் எடுப்பான்.

"சுகமே?"

"சுகம். நீங்கள்?"

"ஓம், ஓம். கவனமா இரும்."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டு யன்னலைத் திறந்துவிடுவாள். கீழே தேவாலயம் விட்டு ஆட்கள் குடும்பம் குடும்பமாகப் போவார்கள். பிறகு உலையை அடுப்பில் வைத்து, ஒரு சுண்டு அரிசி கூடவா குறையவா என்று யோசிக்காமல், தன் ஒருத்தியின் அளவுக்குப் போட்டுக்கொள்வாள்.