மாப்பிள்ளையின் மர மீன்கள்

மீன்களை ஏமாற்றிப் பிடிக்க மாப்பிள்ளை தன் கையால் செதுக்கி வண்ணம் பூசிய மர மீன்களை, சாமி படங்களுக்குக் கீழே கொலைக்கருவியா என்று, போன வாரம் குப்பையில் போட்டவன் நான். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை.

கால்வலியோடு இன்று அவருடன் ஏரிக்கு வந்திருக்கிறேன். இந்த வெளிநாட்டில் ஏப்ரலிலும் குளிர். பரிகாரமாக நான் வாங்கித் தந்த பிளாஸ்டிக் மீனைத் தூண்டிலில் கட்டுகிறார். 'பாஸ்' என்கிற ஏரி மீன் ஒன்று கவ்வுகிறது. கொக்கியைக் கழற்றி, தண்ணீரிலேயே விடுகிறார்.

"எப்பவும் விட்டுடுவீங்களா?"

"ரிலீஸ் பண்ணிடுவேன் மாமா. வீட்டுக்கு ஒண்ணுகூட வந்ததில்ல."

அடுத்த வீச்சில் பிளாஸ்டிக் மீன் முழுகிக் கிடக்கும் கிளையில் மாட்டுகிறது.

"போகட்டும் மாப்பிள்ள, வேற வாங்கிக்கலாம்."

ஷூவோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி எடுத்து வந்து நீட்டுகிறார்.

"பிடிங்க மாமா. குப்பையில போட்டுடாதீங்க."

அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் அதைக் கைக்குட்டையால் துடைக்கிறேன்.