வயிற்றுப் பையோடு வாலாஜாபாத்துக்குச் சைக்கிளில்

வயிற்றில் பையோடு வாழ்பவர்கள் நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஓட்டலாம். நான் ஓட்டியது 1991 ஜனவரியில், ஐம்பத்திரண்டாவது வயதில். நினைவை மட்டும் நம்பத் துணிவில்லாததால், பழைய டைரியைப் பார்த்து எழுதுகிறேன்.

அதற்கு ஏழு மாதம் முன்பு பெருங்குடலில் அறுவை செய்து, இடப்பக்க வயிற்றில் ஒரு திறப்பு வைத்து, மலம் இறங்கப் பை பொருத்தியிருந்தார்கள். பிறகு நான் ஸ்ரீபெரும்புதூரை விட்டு நகரவே இல்லை. வாலாஜாபாத்தில் இருந்த அக்காவுக்கு மூட்டுவலி, அவராலும் வர முடியாது. பஸ்ஸில் பை கசிந்தால் எங்கே இறங்குவது? சைக்கிள் என்றால் நினைத்த இடத்தில் நிறுத்தலாம். டாக்டரிடம் கேட்டேன், கனம் தூக்கக்கூடாது, ஓட்டலாம் என்றார். நான்கு மாதம் நடந்தேன், இரண்டு மாதம் ஊருக்குள் ஓட்டிப் பழகினேன். இந்தப் பயணம் முடியாமல் போனால் இனி வெளியூர்ப் பேச்சே கிடையாது என்று மனைவியிடம் சொன்னேன். "அதுக்கு இப்பவே ஒரு சாக்கு தேடி வெச்சிக்கிறீங்களா?" என்றாள்.

காலை 6.10க்குக் கிளம்பினேன். பை நிறையக்கூடாது என்று முந்தைய நாள் மதியத்திலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. அதைப் புத்திசாலித்தனம் என்று வேறு நினைத்திருந்தேன். ஆறாவது கிலோமீட்டரில், வல்லம் தாண்டுவதற்குள், கண் இருட்டியது. சாலையோர டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். காலிக் குடலில் காற்றுதான் அதிகம் சேரும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பை உப்பி, சட்டை மேடாகி, உள்ளிருந்து சத்தமும் வந்தது.

இட்லி ஊற்றிக்கொண்டிருந்த கடைக்கார அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா சார், சட்டக்குள்ள எதனா வெச்சிக்கினு கீறியா?"

வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வெளியே நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தலைசுற்றலில் பொய் எதுவும் தோன்றவில்லை. தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அட, இம்மாந்தானா? நீ சாராய பாக்கெட் கடத்திகினு போறன்னு இல்ல நெனச்சேன்!" என்று சிரித்தார். "பின்னால மோட்டார் கொட்டா கீது, தண்ணி ஓடுது. போய் சுத்தம் பண்ணிகினு வா. வந்து துன்னு. காலி வவுத்தோட யாருனா சைக்கிள் மிதிப்பாங்களா?"

நான்கு இட்லி, ஒரு டீ, இரண்டே முக்கால் ரூபாய். 7.35க்கு மறுபடி ஏறினேன். 8.10க்கு ஒரகடம். அங்கிருந்து வாலாஜாபாத் பத்தொன்பது கிலோமீட்டர். இரண்டு பக்கமும் வயல், எதிரே எப்போதாவது ஒரு லாரி. வழியில் ஒருமுறை மரத்தடியில் நிறுத்திப் பையைக் காலி செய்தேன். 10.20க்கு அக்கா வீட்டு வாசலில் மணியடித்தேன். மதியம் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

கிளம்ப நினைப்பவர்கள் முதலில் டாக்டரைக் கேளுங்கள். பட்டினி கிடக்காதீர்கள். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிடுங்கள். மாற்றுப் பை, சோப்பு, தண்ணீர், பழைய செய்தித்தாள் கையோடு இருக்கட்டும். முழங்கால் மேலே வரும்போது பையில் இடிக்காதபடி சீட்டை உயர்த்துங்கள். எனக்கு ஒன்றரை அங்குலம் தேவைப்பட்டது. இப்போது அந்தப் பாதை முழுக்கத் தொழிற்சாலைகளும் கன்டெய்னர் லாரிகளும்தான், ஆகவே ஞாயிறு விடியற்காலை நல்லது. என் உடம்புக்கு ஒத்தது உங்களுக்கும் ஒக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

மறுநாள் திரும்பும்போது அந்தக் கடையில் ஏழெட்டுப் பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்தாமல் போய்விடலாமா என்று யோசித்தேன். அதற்குள் அந்த அம்மா பார்த்துவிட்டார்.

"வா பாக்கெட்டு சாரு! போய்ச் சேந்தியா?"

பெஞ்சில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். ஸ்டாண்டு போட்டுவிட்டு நடுவில் போய் உட்கார்ந்து, நான்கு இட்லி கேட்டேன்.