ஆறு மீட்டர் நாற்பது

எங்கள் வெள்ள எச்சரிக்கை அலுவலகத்தில் நீர்மட்டக் கணக்குப் போடுபவருக்குச் 'சராசரி' என்று பெயர். வைத்தவன் நான்தான். டீயில் சர்க்கரைகூட ஒரு நாளும் கூடாது, குறையாது. வேறு என்ன பெயர் வைப்பது?

அவர் மேசைக்குப் பின்னால் ஆற்றின் படம் இருக்கும். பன்னிரண்டு அளவு நிலையங்களுக்குப் பன்னிரண்டு வட்டங்கள். ஒன்றின் நீர்மட்டம் இன்னொன்றின் மட்டத்தைப் பாதிக்குமானால் நடுவே ஒரு கோடு. பக்கத்து வட்டங்களை வைத்து ஒரு வட்டத்தின் மட்டத்தை ஊகிக்கலாம். ஊகத்தை விட்டு எக்கச்சக்கமாக விலகும் எண்ணைப் பிழை என்று தள்ளிவிட வேண்டும். அந்த விதியை எழுதியவர் அவரே. அத்தனை பெரிய விலகல் பத்தாயிரம் வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும் என்றது அவர் கணக்கு. ஆறு எந்தக் கணக்கைப் படித்தது?

ஏழாம் நிலையத்தில் ஆற்றங்கரையில் இறங்கி அளவுகோல் பார்த்தவள் அவருடைய ஒரே தங்கை. வெள்ளம் வந்த அன்று மத்தியானம் அவள் போன் செய்தபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அண்ணா, ஆறு மீட்டர் நாப்பது."

"நாலு நாப்பதா இருக்கும். ஆறாவதும் எட்டாவதும் மூணுலதான் நிக்குது."

"கண்ணால பாத்துட்டுதான்ணா சொல்றேன்."

"உனக்குக் கண்ணாடி போடணும் போல. இன்னொரு தடவை இறங்கிப் பாத்துட்டுச் சொல்லும்மா."

"சரிண்ணா."

அவள் இறங்கினாள். இவர் இங்கே அந்த எண்ணை அடித்துவிட்டுக் காரணம் என்ற கட்டத்தில் 'பார்வைப் பிழை' என்று எழுதினார். மலையில் கொட்டிய மழை, ஏழாம் நிலையத்துக்குச் சற்று மேலே சேரும் ஓடை வழியாக வந்துவிட்டது. அந்த ஓடைக்குப் படத்தில் வட்டமே கிடையாது. போன் மறுபடி அடிக்கவில்லை. மூன்றாம் நாள்தான் அவளைக் கண்டெடுத்தார்கள்.

அந்த விதிக்குக் கீழே நாங்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டிருந்தோம். எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது. அவர் யாரையும் குறை சொல்லவில்லை. கணக்கைப் பிரித்து மறுபடி கட்டினார். வால் கனத்த கணக்கு என்பார்கள்: அபூர்வமான பெரிய எண்ணும் நிஜமாக இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளும் கணக்கு. படத்தில் அந்த ஓடைக்கும் ஒரு வட்டம் வந்தது. இப்போது சைரன் சும்மாவும் அலறுகிறது. கரையோரத்துச் சனங்கள் வந்து கிழிகிழியென்று கிழிப்பார்கள். தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வார்.

ஏழாம் நிலையத்தில் இப்போது வேறொரு பெண். நேற்றும் போன் செய்தாள்.

"சார், ரெண்டு மீட்டர்..."

"எண்ணு இருக்கட்டும். மேல ஏறிட்டியாம்மா?"

"தண்ணி ரொம்பக் கீழ கெடக்கு சார்," என்று அவள் சிரித்தாள்.

"பரவாயில்ல. ஏறிட்டுச் சொல்லு."

அவள் ஏறிவிட்டேன் என்று சொல்லும்வரை அவர் பேனாவைத் தொடவில்லை.