ஜன்னலோரத்துக் கர்நாடகம்

ஜூஜுவாடியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் ஓனருக்கு செல்போன் மணி அடித்தால் முதல் வேலையாக அதைக் கட் பண்ணுவார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "இருங்க, தமிழ்நாட்டுக்குப் போயி பேசிட்டு வந்துட்றன்" என்று சொல்லிவிட்டு ஹாலிலிருந்து கொல்லைப்புறத்துக்கு ஓடுவார். புதிதாக வந்தவர்கள் ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பார்கள். விஷயம் வேறு. ஓசூருக்குள் இருந்தாலும் எங்கள் தெரு கர்நாடக எல்லையை ஒட்டியது. வீட்டின் முன்பக்கம் நின்றால் அத்திப்பள்ளி டவர்தான் போனைப் பிடிக்கும். 'கர்நாடகம் உங்களை வரவேற்கிறது' என்று சொந்த ஹாலில் உட்கார்ந்திருப்பவருக்கு மெசேஜ் வரும். வருகிற அழைப்புக்கும் ரோமிங் என்று காசு பிடிப்பார்கள். கொல்லைப்புறத்துக் கொய்யா மரத்தடிக்குப் போனால் தமிழ்நாட்டு டவர், காசு கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி லைசென்ஸ் கொடுத்த காலம் அது. டெல்லியில் உட்கார்ந்து வரைபடத்தில் கோடு போட்டவர்களுக்கு, அந்தக் கோடு எங்கள் ஓனர் வீட்டு ஹாலுக்குள் ஓடும் என்று எப்படித் தெரியும்?

அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த எங்களுக்கு மாடி ஜன்னலில் அந்தக் கோடு சோறு போட்டது. நாங்கள் விருதுநகர்ப் பக்கத்துக்காரர்கள். என் வீட்டுக்காரர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மோட்டார் பிரிவில் இருந்தார். கம்பெனி ஆளைக் குறைத்தபோது வெளியே வந்து, வீட்டுக்குக் கீழேயே ரிவைண்டிங் கடை போட்டார். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கிற வேலை. ஓசூரில் அந்த வேலைக்குத் தடுக்கி விழுந்தால் ஓர் ஆள். எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளி, சந்தாபுரா, ஜிகணி என்று சின்னச் சின்ன கம்பெனிகள் நிறைய. அங்கே தேவை இருந்தது. ஆனால் அங்கே மோட்டார் எரிந்தால் எங்களை எப்படிக் கூப்பிடுவார்கள்? பட்டறைக்குள் இருக்கிற போனில் எஸ்.டி.டி.யைப் பூட்டி வைத்திருப்பார்கள். லோக்கல் நம்பர் மட்டும்தான் போகும். பக்கத்து ஓசூர் அவர்களுக்கு வெளியூர். மேனேஜரைத் தேடிப் பிடித்து, பூட்டைத் திறக்கச் சொல்லி எங்களுக்குப் போன் போடுவதற்குள் உள்ளூர்க்காரன் வந்து மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போயிருப்பான்.

அப்போதுதான் வயர் இல்லாத டெலிபோன் வந்தது. பார்க்க மேசைப் போன் மாதிரியே இருக்கும். முதுகில் ஒரு சின்ன ஆன்டெனா, வயிற்றுக்குள் பேட்டரி. என் வீட்டுக்காரருடன் முன்பு வேலை பார்த்த ஒருவர் அத்திப்பள்ளியில் சொந்த வீட்டில் இருந்தார். அவர் பேரில், அவர் விலாசத்தில், பெங்களூர் நம்பர் ஒன்று வாங்கினோம். அந்தப் பக்கத்துக் கம்பெனிகளுக்கு அது லோக்கல் நம்பர்; என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றிலும் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அதைக் கொண்டுவந்து எங்கள் மாடி ஜன்னல் திண்டில் வைத்தால் அத்திப்பள்ளி டவர் கிடைத்தது. திண்டிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளினால் செத்துப்போகும். "இது சரியாங்க?" என்று கேட்டேன். "சிக்னல் அதுவா வருது. நாமளா போய்த் திருடுனோம்?" என்றார். கேட்க நியாயமாகத்தான் பட்டது.

கீழே அவருக்குக் கை நிறைய வேலை. போனை எடுக்கிற வேலை எனக்கு வந்தது. எனக்கோ கன்னடம் சுத்தம். ஜிகணியில் ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனியின் போர்மேன்தான் முதலில் கூப்பிட்டது. மோட்டார் 'சுட்டு ஹோய்த்து', அதாவது எரிந்துபோச்சு என்று அவர் கன்னடத்தில் சொல்ல, யாரையோ சுட்டுவிட்டார்கள் போல என்று நான் பதற, மனுஷன் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. அதிலிருந்து அவருக்கு நான் 'ரிவைண்டிங் அக்கா'. என்னைவிட அவருக்குத்தான் வயது கூட இருக்கும், குரலைக் கேட்டாலே தெரியும். இருந்தாலும் அக்காதான்.

கொஞ்ச நாளில் கன்னடம் நாக்கில் ஒட்டிக்கொண்டது. எழுத்து ஒன்று தெரியாது, பேச்சு தண்ணீராக ஓடியது. போனை எடுத்ததும் "ஹேளி" என்பேன், சொல்லுங்கள் என்று. எத்தனை ஹெச்.பி., புகை வந்ததா, முந்தின நாளே சத்தம் போட்டதா, தண்ணீர் பட்டதா என்று டாக்டர் கணக்காகக் கேட்டு மேலேயிருந்து கத்துவேன். கீழே அவர் அதற்கேற்ற கம்பியை எடுத்து வைத்துவிட்டு வண்டியை எடுப்பார். "அடி போடி, ஊரையே கட்டி மேய்க்கிற" என்று கிண்டல் செய்வார். கிண்டலுக்குள் பெருமையும் இருந்தது.

உள்ளதைச் சொல்கிறேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நான் பேச ஆளில்லாமல் கிடந்தவள். தெருவில் ஒருத்தி தெலுங்கு, ஒருத்தி கன்னடம். தமிழ் பேசுகிறவளுக்கும் என் தென்பக்கத்துப் பேச்சைக் கேட்டால் சிரிப்பு. அந்த ஜன்னல் வந்த பிறகு காலையில் குளித்து, தலை சீவி, பூ வைத்துக்கொண்டு ஆபீஸ் போகிறவள் மாதிரி திண்டு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். என்னை நம்பி மிஷினை நிறுத்தி வைத்துக் காத்திருந்தார்கள் முகம் தெரியாத மனுஷர்கள். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

ஒருநாள் காலையில் போன் செத்திருந்தது. திண்டின் இந்த முனை, அந்த முனை, மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி மேல் எல்லாம் வைத்துப் பார்த்தோம். ஊஹும். எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் கம்பெனியின் கஸ்டமர் கேருக்குப் பேசினேன். பேசியது ஒரு பெண். தேன் மாதிரிக் குரல். "உங்கள் விலாசத்தில் சிக்னல் நன்றாக இருக்கிறதே மேடம். நீங்கள் இப்போது அந்த விலாசத்தில்தானே இருக்கிறீர்கள்?" என்றாள். போனை வைத்துவிட்டேன்.

மனசு கேட்கவில்லை. மறுநாளே என் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த போன் கம்பெனி ஆபீசுக்கே போய் உள்ளதைச் சொன்னேன். அங்கிருந்த அதிகாரி நல்ல மனுஷர், தமிழிலேயே பேசினார். "ஏம்மா, எங்க லைசென்ஸ் இந்த மாநிலத்துக்கு மட்டும்தான். அந்தப் பக்கம் போகவே கூடாது. தமிழ்நாட்டுல இருக்குற கம்பெனி கம்ப்ளெயின்ட் குடுத்துட்டான். அதான் ஆன்டெனாவைக் கொஞ்சம் கீழ சாய்ச்சிருக்கோம். உங்க வீட்டுல எடுத்துச்சே, அதுதாம்மா எங்க ரிப்பேரு. இப்போ சரி பண்ணியாச்சு." எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவரைத் திட்டவும் வழியில்லை. அவர் சொன்னது அவருடைய சட்டப்படி சரி.

விட்டேனா பார் என்று வயர்கூடையை எடுத்தேன். போனை அதற்குள் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி, டவுன் பஸ் ஏறி அத்திப்பள்ளிக்குப் போனேன். செக்போஸ்ட்டைத் தாண்டியதும் கூடைக்குள் மணி அடித்தது பாருங்கள், பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "இன்னாக்கா, டெலிபோனுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கணும் போலக்குதே" என்றார் கண்டக்டர். அடித்தது ஜிகணி போர்மேன். "எங்கக்கா போயிட்டீங்க?" என்றார். பஸ்ஸிலேயே உட்கார்ந்து, எத்தனை ஹெச்.பி. என்று கேட்டேன்.

முதலில், விலாசம் கொடுத்த அந்த நண்பரின் வீட்டில்தான் உட்கார்ந்தேன். அவருடைய அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "எப்போ கிளம்பறே?" என்று காபி கொடுக்கும்போதே கேட்பார். யார் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும், அந்த அம்மாவைக் குறை சொல்லவில்லை. அடுத்த தெருவில் ஒரு பேக்கரி. ஓரத்து மேசையில் போனை வைத்துக்கொள்ள அந்தக் கடைக்காரர் சம்மதித்தார். அழைப்பு வந்தால் பக்கத்து பூத்திலிருந்து எங்கள் கடைக்குத் தகவல் சொல்வேன். தினமும் போனேன். வேலை மறுபடி சூடு பிடித்தது. "ரோட்டுக்கடையில பொம்பளை போனை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா, நல்லாவா இருக்கு?" என்று என் வீட்டுக்காரரின் அண்ணன் ஊரிலிருந்து கேட்டாராம். "அவ இல்லேன்னா கடையே இல்லண்ணே" என்று இவர் சொன்னதை ஓனரின் மனைவி கேட்டு வந்து சொன்னாள். அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை பஸ் வேண்டுமானாலும் ஏறலாம்.

போன் வைத்திருக்கிறவர்கள் சொன்ன விலாசத்தில்தான் இருக்கிறார்களா என்று வீடு வீடாகப் பார்க்கச் சொல்லி அப்போது சர்க்காரிலிருந்து உத்தரவு வந்திருந்தது. எங்களுக்கு அது தெரியாது. போன் கம்பெனி ஆள் அந்த நண்பரின் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டியிருக்கிறான். அந்த அம்மா, "இங்க போனும் இல்ல, கீனும் இல்ல, போ" என்று விரட்டிவிட்டார். அந்த நேரத்தில் அடுத்த தெருவில், கூப்பிடு தூரத்தில், நான் பேக்கரியில் உட்கார்ந்து ரிசீவரைக் காதில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்திருப்பேன். இரண்டு நாளில் லைன் போய்விட்டது. விலாசம் பொய் என்று எழுதிவிட்டார்கள், மறுபடி கேட்கவும் முடியவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஜன்னலைச் சாத்திவிட்டு அழுதேன்.

என் வீட்டுக்காரர் ஒவ்வொரு கம்பெனி கேட்டுக்கும் போய் ஓசூர் நம்பரை எழுதிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டார்கள். எஸ்.டி.டி. பூட்டு இருக்கிறதே, யார் கூப்பிடுவது? ஜிகணியில் அன்றைக்குப் போர்மேன் லீவு. செக்யூரிட்டி சீட்டை வாங்கி மேசை இடுக்கில் சொருகினாராம். வேலை கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. கடைசியில் கம்பி சுற்றும் மிஷினை விற்றுவிட்டு, ஒரு கான்ட்ராக்டரிடம் ஷிப்ட் வேலைக்குப் போனார். நான் அடுப்படிக்குப் போனேன். எங்கே போவேன்?

அதற்குப் பிறகு காலம் என்ன ஓட்டம் ஓடியது! ஆளுக்கு ஒரு செல்போன் வந்தது. எஸ்.டி.டி.க்கும் லோக்கலுக்கும் ஒரே கட்டணம் என்று விளம்பரம் செய்தார்கள். எங்கள் ஓனர் ஹாலிலேயே சாய்ந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு வயிறு எரியும். பாவம், அவர் மேல் என்ன தப்பு?

ஒரு ஆயுதபூஜைக்கு, ஜிகணி கம்பெனிக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அன்றைக்கு யார் வந்தாலும் உள்ளே விடுவார்கள். "போயி என்ன பண்ணப் போற?" என்றார் இவர். "அந்த மனுஷன் முகத்தைப் பாக்கணும்" என்றேன். வண்டியில் கூட்டிப் போனார். மாவிலையும் வாழைக்கன்றும் கட்டி, மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்திருந்தார்கள். நரைத்த மீசையுடன் ஒருவர் தட்டில் பொரியைப் போட்டு எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். "ஹேளி" என்றேன். அவ்வளவுதான். தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"அக்கா! ரிவைண்டிங் அக்கா!" என்று கன்னடமும் தமிழுமாகக் கத்தி, என்னை மின்சாரப் பெட்டியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். கதவில் வெள்ளைப் பெயின்ட்டில் எங்கள் பெங்களூர் நம்பர். பக்கத்தில் கன்னடத்தில் ஏதோ எழுத்து. "இது இன்னா தெரியுமா? அக்கா" என்று படித்துக் காட்டினார். நம்பருக்கு மேலேயும் சந்தனம் தெளித்திருந்தது. அதற்குக் கீழே இன்னொரு நம்பர், செல் நம்பர். இப்போது யார் வருகிறார்கள் என்று கேட்டேன்.

"ஓசூர் ஆளுதான். உங்க பக்கம்தான். இப்ப எங்கிருந்து கூப்பிட்டாலும் ஒரே காசு இல்ல?" என்றார். பக்கத்தில் என் வீட்டுக்காரர் அந்தக் கீழ் நம்பரையே பார்த்துக்கொண்டு நின்றார். போர்மேன் என் பக்கம் திரும்பினார். "அந்த நம்பர் இல்லவே இல்லன்னு ஒரு பொம்பளை சொல்லிட்டே இருந்தாக்கா. ரொம்ப நாள் போட்டுப் பார்த்தேன். நீங்க எங்க போயிட்டீங்க?"

"எங்கயும் போகலங்க. அங்கயேதான் இருந்தேன்" என்றேன்.